மரபணுவின் மாற்றம் கண்ட முல்லர்

நுழையும்முன்

ஓர் உயிரியின் உடலமைப்பும் இயல்பும் அதன் மரபணுக்களில் பொதிந்துள்ள செய்தியைச் சார்ந்தவை. அச்செய்தி படியெடுக்கப்பட்டுப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கிறது. படியெடுக்கும்போது அரிதாக நேரும் மாறுதலைச் சடுதிமாற்றம் என்பர். பிழை என்றே சொல்லத்தக்க இம்மாறுதல், இருக்கும் செய்தியைக் குலைக்க மட்டுமே வல்லதா? அன்றி, முன்பு இல்லாத செய்தியைச் சேர்க்கவும் வல்லதா? எளிய உயிர்களிலிருந்து சிக்கலான உயிர்கள் தோன்றிய வரலாற்றை ஆராயும் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது. சடுதிமாற்றத்தின் தீமையை எண்ணிக்கையால் அளந்து காட்டியவரும், அதன் வழியே மரபுச்செய்தி பெருகும் முறையைச் சுட்டிக்காட்டியவரும் ஒருவரே. அவ்வறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

ஹெர்மன் ஜோசப் முல்லர் 1890ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் செருமனியில் 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியுற்றபின் அமெரிக்காவில் குடியேறியவர்கள். தந்தையார் வெண்கலக் கலைப்பொருள்கள் செய்யும் குடும்பத் தொழிலில் ஈடுபட்டிருந்தார். அறிவியலில் நாட்டமும் எளியோர்பால் பரிவும் உடைய அவர், தம் மகனைச் சிறுவயதிலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே தொல்லுயிர் எச்சங்களாக வைக்கப்பட்டிருந்த குதிரைப் பாதங்களைக் காட்டினார். பல விரல்களைக் கொண்டிருந்த சிறு விலங்கின் பாதம், நெடுங்காலத்தில் ஒற்றைக் குளம்பாக மாறிய வரிசை அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

ஏறத்தாழப் பத்து வயதில் முல்லர் தந்தையை இழந்தார். குடும்பத்தின் வருவாய் குறைந்தது; ஆயினும் கல்வி தடைபடவில்லை. உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போதே நண்பர்களுடன் சேர்ந்து அறிவியல் மன்றம் ஒன்றை நிறுவினார். பதினாறாம் வயதில் உதவித்தொகை பெற்றுக் கொலம்பியாக் கல்லூரியில் சேர்ந்தார். விடுமுறை நாள்களில் வங்கியில் ஏவல் பணியும் விடுதியில் எழுத்தர் பணியும் செய்து செலவுக்குப் பொருள் ஈட்டினார். 1910இல் பட்டம் பெற்றார். உயிர்கள் மாறுகின்றன என்றால் அம்மாற்றத்தின் ஊற்று எது என்னும் வினா, அதற்குள் அவருடைய வாழ்வின் வினாவாகிவிட்டது.

ஈ அறை

அக்காலத்தில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய அறை உலக அறிவியலின் போக்கை மாற்றிக்கொண்டிருந்தது. தாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் பேராசிரியர் அங்குப் பால் புட்டிகளில் மசித்த வாழைப்பழம் இட்டுப் பழ ஈக்களை வளர்த்தார். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஒரு தலைமுறையை முடிக்கும் அச்சிற்றுயிர், மரபியல் ஆய்வுக்கு ஏற்ற கருவியாயிற்று. சிவந்த கண்களுடைய ஈக்களிடையே 1910இல் தோன்றிய வெண்கண் ஈ ஒன்றைக்கொண்டு, மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என்பதை மார்கன் நிறுவத் தொடங்கினார். ஆய்வாளர்கள் அவ்விடத்தை ஈ அறை என்றே அழைத்தனர்.

முல்லரும் அவ்வறையில் இணைந்தார். அங்கே ஆல்பிரட் ஸ்டர்டிவன்ட், கால்வின் பிரிட்ஜஸ் ஆகிய இளைஞர்கள் அவருடன் பணியாற்றினர். 1915இல் இந்நால்வரும் இணைந்து மெண்டலிய மரபின் இயங்குமுறை பற்றி எழுதிய நூல், மரபியலின் அடித்தள நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றம் பற்றிய ஆய்வுக்காக 1916இல் முல்லர் முனைவர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஹூஸ்டன் நகரிலும் மீண்டும் கொலம்பியாவிலும் பணியாற்றியபின், 1920இல் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

பிழையையும் படியெடுக்கும் பொருள்

மரபணு எத்தகைய வேதிப்பொருள் என்பது அன்று எவருக்கும் தெரியாது. டி.என்.ஏ.வின் இரட்டைச்சுருள் அமைப்பு வெளிப்பட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அந்நிலையில் 1921இல் டொரண்டோ நகரில் ஆற்றிய உரையில் முல்லர் நுட்பமான கருத்தொன்றை முன்வைத்தார். அடுத்த ஆண்டு அது கட்டுரையாக வெளிவந்தது.

மரபணு தன்னைத்தானே படியெடுக்கும் ஆற்றல் உடையது. ஆனால் அதனினும் வியப்புக்குரியது, மாற்றமடைந்த பின்னரும் அது தன்னைப் படியெடுக்கும் ஆற்றலை இழப்பதில்லை என்பதே. முன்னிருந்த வடிவத்தை அது மீண்டும் ஆக்குவதில்லை. தான் அடைந்த மாற்றத்துடனேயே புதுப்படியை ஆக்குகிறது. உயிரற்ற பொருளில் நேரும் சிதைவு அப்பொருளோடு முடிந்துவிடும். உயிர்ப்பொருளில் நேரும் மாற்றமோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும். அதன்மேல் இன்னொரு மாற்றம் சேரும். இயற்கைத்தேர்வு பற்றுக்கோடாகக் கொள்வதற்குரிய பொருள் இதுவே என முல்லர் உணர்ந்தார்.

ஏட்டுச்சுவடியைப் படியெடுப்போர் செய்யும் பிழையை இதற்கு ஒப்பிடலாம். ஓர் ஏட்டில் எழுத்து மாறினால், அதனைப் பார்த்து எழுதப்பட்ட ஏடுகள் அனைத்திலும் அம்மாறுதல் இடம்பெறும். அவற்றுள் பொருள் கெட்டவற்றைக் கற்றோர் ஒதுக்குவர்; பொருள் சிறந்தவை நிலைபெறும். ஆனால் சுவடியைப் படிப்போர் அறிவுடைய மாந்தர். மரபணுவின் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதோ உயிர்வாழ்தலும் இனம்பெருக்கலுமே.

ஊடுகதிர் ஆய்வு

கருத்து உருவாயிற்று, அதனை அளந்தறிய வழி வேண்டியிருந்தது. இயற்கையில் சடுதிமாற்றம் மிக அரிதாகவே தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான ஈக்களை உருப்பெருக்கியின்கீழ் நோக்கினாலும் ஒன்றிரண்டே தென்படும். அவற்றைப் பார்வையால் இனங்காணுவதிலும் ஆய்வாளருக்கு ஆய்வாளர் வேறுபாடு நேர்ந்தது. இவ்விடரை நீக்க முல்லர் சிறப்பான ஈ வகை ஒன்றை உருவாக்கினார்.

அவ்வகைப் பெண் ஈயின் எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றில் மூன்று கூறுகள் ஒருங்கே அமைந்திருந்தன. முதலாவது, குறுக்கேற்றத்தைத் தடுப்பது. இரண்டாவது, அதனைப் பெறும் ஆண் ஈயை மடியச்செய்வது. மூன்றாவது, கண்ணைக் குறுகிய பட்டை போலாக்கி அடையாளம் காட்டுவது. கதிர்வீச்சுக்கு ஆட்படுத்திய ஆண் ஈக்களை இப்பெண் ஈக்களுடன் கலந்து, பிறக்கும் பட்டைக்கண் மகள்களைத் தனித்தனிப் புட்டிகளில் இனப்பெருக்கம் செய்வித்தார். அம்மகளிடமிருந்து அடையாளக் குரோமோசோமைப் பெறும் ஆண் ஈ எவ்வாறாயினும் மடியும். கதிர்பட்ட குரோமோசோமைப் பெறும் ஆண் ஈ, அதில் உயிர்கொல்லும் சடுதிமாற்றம் தோன்றியிருந்தால் மட்டுமே மடியும். ஆகவே, ஒரு புட்டியில் ஆண் ஈயே இல்லையெனில், புதிய சடுதிமாற்றம் தோன்றியுள்ளது என்பது உறுதி. புட்டியை ஒருமுறை நோக்குவதே எண்ணுவதற்குப் போதுமானதாயிற்று.

1926ஆம் ஆண்டின் இறுதியில் முல்லர் ஊடுகதிர் எனப்படும் எக்ஸ் கதிர்களை ஈக்களின்மீது செலுத்தினார். முடிவுகள் அவரையே வியக்கச் செய்தன. மிகுந்த அளவு கதிர்பட்ட ஈக்களில் சடுதிமாற்றங்கள் இயல்பைவிட ஏறத்தாழ 150 மடங்கு மிகுந்திருந்தன. 1927ஆம் ஆண்டு ஜூலையில் இச்செய்தியைக் கட்டுரையாக வெளியிட்டு, செப்டம்பரில் பெர்லினில் நடைபெற்ற பன்னாட்டு மரபியல் மாநாட்டில் விரிவாக எடுத்துரைத்தார். மாந்தரின் கைக்கு எட்டாதது எனக் கருதப்பட்ட மரபணு, ஆய்வுக்கூடத்தில் மாற்றத்தக்கதாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் லூயிஸ் ஸ்டாட்லர் என்னும் அறிஞர் பயிர்களில் தனியே செய்த ஆய்வுகளும் இம்முடிவை உறுதிப்படுத்தின.

எழுந்த ஐயம்

இப்பெரும் வெற்றி, விடைகாணவேண்டிய ஐயம் ஒன்றையும் கூர்மைப்படுத்தியது. முல்லர் கண்ட சடுதிமாற்றங்களுள் மிகப் பல உயிரைக் கொல்வன. எஞ்சியவற்றுள்ளும் பல உடலைக் குறைபடுத்துவன. இயற்கையில் தாமே தோன்றும் சடுதிமாற்றங்களின் தன்மையும் இதுவே. நெடுங்காலத் தேர்வால் செம்மையுற்ற ஓர் அமைப்பில் குருட்டாம்போக்கில் நேரும் மாற்றம், அதனைச் செம்மைப்படுத்துவதைவிடக் கெடுப்பதே மிகுதி என முல்லரே தெளிவாக எடுத்துக்காட்டினார்.

அவ்வாறாயின், நன்மையான மாற்றம் அரிதாகத் தோன்றினாலும், அது இருக்கும் மரபணு ஒன்றை வேறொன்றாக மாற்றுவதாகவே அமையுமன்றோ? புதியது வரும்போது பழையது போய்விடும். ஒரு வேலையைச் செய்யும் மரபணு இன்னொரு வேலைக்கு மாறினால், முதல் வேலையைச் செய்ய யார் உளர்? சில நூறு மரபணுக்களுடன் தொடங்கிய உயிர் பல்லாயிரம் மரபணுக்களைப் பெற்றது எவ்வாறு? மாற்றம் மட்டும் போதாது, பெருக்கமும் வேண்டும். இவ்வினாவுக்கான விடை, முல்லர் அடையாளமாகப் பயன்படுத்திய அந்தப் பட்டைக்கண்ணிலேயே மறைந்திருந்தது. அதனைக் காணும் முன்னர் அவர் நாடு கடந்து செல்ல நேர்ந்தது.

நாடு கடந்த வாழ்வு

1930களின் தொடக்கம் முல்லருக்குக் கடினமான காலம். பொருளாதார வீழ்ச்சியில் உழைப்போர் படும் துன்பம் கண்டு, இடதுசாரிக் கருத்துகளை அவர் ஆதரித்தார். அதனால் அரசின் கண்காணிப்புக்கு உள்ளானார். உடன்பணியாற்றியோரிடம் கருத்து வேறுபாடும் மனச்சோர்வும் அவரை வருத்தின. 1932இல் ஆய்வு உதவித்தொகை பெற்றுப் பெர்லினுக்குச் சென்றார். அடுத்த ஆண்டே செருமனியில் ஹிட்லரின் ஆட்சி அமைந்தது. அங்கே நிலைத்திருக்க விரும்பாத முல்லரை, பயிர்களின் தோற்றுவாய்களை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்ற நிகோலாய் வாவிலோவ் சோவியத் நாட்டுக்கு அழைத்தார். முல்லர் லெனின்கிராடிலும், மரபியல் நிறுவனம் இடம்பெயர்ந்தபின் மாஸ்கோவிலுமாக 1933 முதல் 1937 வரை பணியாற்றினார்.

பட்டைக்கண் காட்டிய உண்மை

பழ ஈயின் இயல்பான கண்ணில் ஏறத்தாழ 780 சிறுகண்கள் உண்டு. பட்டைக்கண் ஈயின் பெண்ணினத்தில், இரு குரோமோசோம்களிலும் அப்பண்பு இருந்தால், சிறுகண்கள் சுமார் 70ஆகக் குறைந்துவிடும். இப்பண்பு விந்தையான ஒரு நடத்தையையும் கொண்டிருந்தது. பட்டைக்கண் ஈக்களின் வழிவந்தோருள் சில மீண்டும் இயல்பான கண்ணைப் பெற்றன. வேறு சில முன்னிலும் குறுகிய கண்ணைப் பெற்றன. குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும்போது ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் பெறுவதே இதற்குக் காரணம் என 1925இல் ஸ்டர்டிவன்ட் விளக்கினார். ஆனால் அதனைக் கண்ணால் காண அன்று வழியில்லை.

அவ்வழி 1933இல் திறந்தது. பழ ஈயின் புழுப்பருவத்தில் உமிழ்நீர்ச் சுரப்பியில் உள்ள குரோமோசோம்கள் மிகப் பெரியவை. அவற்றில் கரும்பட்டைகளும் வெண்பட்டைகளும் மாறிமாறி அமைந்திருக்கும். டெக்சாஸில் முல்லரின் உடன்பணியாளராயிருந்த தியோஃபிலஸ் பெயின்டர், இப்பட்டைகளைக்கொண்டு மரபணுக்களின் இருப்பிடத்தை அறியலாம் எனக் காட்டினார். 1936இல் அமெரிக்காவில் பிரிட்ஜசும், மாஸ்கோவில் முல்லரும் அவருடன் ஆய்ந்தோரும் தனித்தனியே பட்டைக்கண் ஈயின் குரோமோசோமை ஆராய்ந்தனர். இருசாராரும் கண்டது ஒன்றே. எக்ஸ் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி, ஒன்றையடுத்து ஒன்றாக இருமுறை இடம்பெற்றிருந்தது. மேலும் குறுகிய கண்ணுடைய ஈயில் அப்பகுதி மும்முறை இருந்தது. இயல்பான கண்ணுக்கு மீண்ட ஈயில் ஒருமுறையே இருந்தது.

பார்வைக்குக் கண்ணின் குறைபாடே ஆயினும், முல்லர் அதில் பெருக்கத்தின் வழியைக் கண்டார். இரட்டிப்பான பகுதியில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று பழைய வேலையைத் தொடர்ந்து செய்தால் போதும். மற்றொன்றில் சடுதிமாற்றம் நேர்ந்தாலும் உயிர் கெடுவதில்லை. அது தலைமுறைதோறும் மாறிச்சென்று வேறொரு பணிக்கு உரியதாகலாம். இவ்வாறு இரு படிகளும் காலப்போக்கில் வெவ்வேறு மரபணுக்களாகப் பிரியும். உயிர் முன்னிருந்த உயிரிலிருந்தே தோன்றுகிறது. செல் முன்னிருந்த செல்லிலிருந்தே தோன்றுகிறது. அதுபோலவே, ஒவ்வொரு மரபணுவும் முன்னிருந்த மரபணுவிலிருந்தே தோன்றுகிறது என முல்லர் முடிவுகண்டார். பிரிட்ஜசும், பின்னாளில் இந்தியக் குடிமகனாகிப் புவனேசுவரத்தில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேனும் இரட்டிப்பின் சிறப்பை அதே காலத்தில் உணர்ந்திருந்தனர்.

மேற்கூறிய சுவடி உவமையால் இதனை விளங்கிக்கொள்ளலாம். படியெடுப்பவர் ஓர் ஏட்டைத் தவறுதலாக இருமுறை எழுதிவிட்டால், அப்பொழுதே நூலில் புதுப்பொருள் எதுவும் சேர்ந்துவிடுவதில்லை. ஏடு மட்டுமே மிகும். ஆனால் பின்வருவோர் மிகையான ஏட்டில் செய்யும் மாறுதல்கள் மூலத்தைக் கெடுப்பதில்லை. பற்பல மாறுதல்களுள் பொருள் தருவன மட்டும் நிலைத்தால், அவ்வேடு ஒருநாள் தனியொரு பாடலாகிவிடும். இரட்டிப்பு இடம் தருகிறது. சடுதிமாற்றம் வேறுபாடு தருகிறது. இயற்கைத்தேர்வு பயனுள்ளதைக் காக்கிறது. இம்மூன்றும் கூடும்பொழுதே மரபுச்செய்தி பெருகுகிறது.

அறிவியலுக்கு நேர்ந்த சோதனை

மாஸ்கோவில் இந்த ஆய்வு நடந்த காலத்திலேயே மரபியலுக்கு அங்கே பேரிடர் சூழ்ந்தது. வாழும் காலத்தில் பெறும் பண்புகள் வழித்தோன்றல்களுக்குச் செல்லும் என்றும், பயிர்களைப் பயிற்றியே அவற்றின் மரபை விரைவில் மாற்றலாம் என்றும் டிரோஃபிம் லைசென்கோ என்பவர் கூறிவந்தார். மரபணுக் கொள்கையையே அவர் மறுத்தார். விரைந்த விளைச்சலை வேண்டிய ஆட்சியாளர்களின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. 1936ஆம் ஆண்டு டிசம்பரில் மாஸ்கோவில் வேளாண் அறிவியல் கழகம் நடத்திய பெருங்கூட்டத்தில், முல்லர் பேரவையின்முன் நின்று லைசென்கோவின் கருத்துகளை வெளிப்படையாக மறுத்தார். அன்றைய சூழலில் அது பெருந்துணிவுக்குரிய செயல்.

டெக்சாஸில் முல்லருடன் ஆய்வு செய்திருந்த ரஷிய அறிஞர்கள் இருவர் கைது செய்யப்பட்டு உயிரிழந்தனர். வாவிலோவுக்கு ஊறு நேராவண்ணம் வெளியேற விரும்பிய முல்லர், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பெயினுக்குச் சென்று, காயமுற்றோருக்குக் குருதி செலுத்தும் குழுவில் சிலகாலம் தொண்டாற்றினார். பின்னர் எடின்பரோ நகரை அடைந்தார். 1939ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்குக் கூடிய பன்னாட்டு மரபியல் மாநாட்டுக்கு வாவிலோவ் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தும் அவர் வர இசைவு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கைதான வாவிலோவ் 1943ஆம் ஆண்டு சனவரியில் சரடோவ் சிறையில் மாண்டார். லைசென்கோவின் கொள்கை சோவியத் நாட்டின் அதிகாரமுறைக் கொள்கையாக 1948இல் ஏற்கப்பட்டபோது, அந்நாட்டு அறிவியல் கழகத்தின் உறுப்பினர் பதவியை முல்லர் துறந்தார். ஆட்சியின் விருப்பத்துக்கேற்ப இயற்கையின் உண்மை வளையாது என்பதை அவர் தம் வாழ்வால் உணர்த்தினார்.

நோபல் பரிசும் எச்சரிக்கைக் குரலும்

1940இல் அமெரிக்கா திரும்பிய முல்லர், 1945 முதல் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். ஊடுகதிரால் சடுதிமாற்றம் உண்டாவதைக் கண்டறிந்தமைக்காக 1946ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஹிரோசிமா, நாகசாகி நகரங்கள் அணுகுண்டால் அழிந்த மறு ஆண்டு அது. கதிர்வீச்சு பிறவாத தலைமுறைகளையும் தாக்கும் என்னும் அவருடைய கூற்றை உலகம் அப்போதுதான் செவிமடுத்தது.

தேவையின்றி ஊடுகதிரைப் பயன்படுத்துவதையும், அணுகுண்டுச் சோதனைகளால் பரவும் கதிர்வீச்சையும் அவர் இடைவிடாது எதிர்த்தார். 1955இல் ஜெனீவாவில் அணுவாற்றலின் ஆக்கப்பயன் குறித்துக் கூடிய மாநாட்டில் கட்டுரை படிக்க அவருக்கு அமெரிக்க அணுவாற்றல் ஆணையம் இசைவு தரவில்லை. பார்வையாளராய் அமர்ந்திருந்த அவரை அவையினர் எழுந்து நின்று சிறப்பித்தனர். போரில் அணுக்கருவிகளைக் கைவிட வேண்டி அதே ஆண்டு வெளியான ரஸ்ஸல் – ஐன்ஸ்டைன் அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார்.

தீய சடுதிமாற்றங்கள் மாந்த இனத்தில் சுமையாகச் சேர்வதை 1950இல் அவர் ஆராய்ந்து எழுதினார். பாலிலா இனப்பெருக்கம் செய்யும் உயிர்களில் அச்சுமை, பின்னோக்கிச் சுழலாத பற்சக்கரம் போல ஏறிக்கொண்டே செல்லும் என்றும், பால்வழிக் கலப்பு அதனைக் குறைக்க உதவும் என்றும் 1964இல் விளக்கினார். இது முல்லரின் பற்சக்கரம் என இன்றும் வழங்கப்படுகிறது. மாந்த இனத்தின் மரபைத் திட்டமிட்டு மேம்படுத்தலாம் என அவர் கொண்டிருந்த நம்பிக்கையை இன்றைய அறவியலார் பலர் ஏற்பதில்லை. ஆயினும், இனத்தாலும் வகுப்பாலும் மக்களைத் தாழ்த்திய அக்கால இனமேம்பாட்டு இயக்கத்தை அவர் 1932இலேயே கண்டித்தார் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் முல்லர் இயற்கை எய்தினார்.

பின்வந்த சான்றுகள்

முல்லர் மறைந்தபின் மரபணுவின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் முறைகள் தோன்றின. அவர் குரோமோசோமின் பட்டைகளில் கண்டதை அவை எழுத்தளவில் காட்டின. 1970இல் சுசுமு ஓனோ என்னும் அறிஞர், மரபணு இரட்டிப்பே பரிணாமத்தில் புதுமைக்கு முதன்மையான வழி எனத் தனிநூல் எழுதினார்.

நம் குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் இதற்கு நல்ல சான்று. அதன் பல்வேறு சங்கிலிகளை ஆக்கும் மரபணுக்கள் ஒரே மூதாதை மரபணுவின் இரட்டிப்பிலிருந்து கிளைத்தவை. அவற்றுள் ஒன்று கருவிலுள்ள குழந்தைக்கு உரியது. அதனால் ஆகும் ஹீமோகுளோபின், தாயின் ஹீமோகுளோபினைவிட வலுவாக உயிர்வளியைப் பற்றுவதால், தாயின் குருதியிலிருந்து குழந்தைக்கு உயிர்வளி கிடைக்கிறது. சிவப்பையும் பச்சையையும் நாம் பிரித்தறிவதும் இத்தகைய இரட்டிப்பின் பயனே. அவ்விரு நிறங்களை உணரும் மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அருகருகே, பெரிதும் ஒத்த வடிவில் அமைந்துள்ளன. சிலருக்கு நிறக்குருடு நேர்வதற்கும் அவற்றினிடையே நிகழும் சமமற்ற குறுக்கேற்றமே பெரும்பாலும் காரணம். பழ ஈயின் கண்ணில் முல்லர் கண்ட அதே நிகழ்வு, மாந்தரின் கண்ணிலும் ஆக்கமாகவும் குறையாகவும் வெளிப்படுகிறது.

ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய நிகழ்வு கண்ணெதிரே நடந்துள்ளது. அமெரிக்காவில் ரிச்சர்டு லென்ஸ்கி 1988இல் எஸ்செரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவைப் பன்னிரண்டு குடுவைகளில் தனித்தனியே வளர்க்கத் தொடங்கினார். உயிர்வளி உள்ள சூழலில் சிட்ரேட் என்னும் பொருளை உணவாகக் கொள்ள இவ்வுயிரியால் இயல்பாக முடியாது. முப்பதாயிரம் தலைமுறைகளுக்குமேல் கடந்தபின், ஒரு குடுவையில் மட்டும் அவ்வாற்றல் தோன்றியது. சிட்ரேட்டை உள்ளே கொணரும் மரபணு அதனிடம் முன்பே இருந்தது. ஆனால் உயிர்வளி உள்ளபோது அது செயலற்றிருந்தது. ஒரு பகுதி இரட்டிப்பானபோது, அம்மரபணுவின் ஒரு படி, உயிர்வளி உள்ளபோதும் இயங்கும் வேறொரு தூண்டுபகுதியின் அருகில் அமைந்தது. அதன்பின் நேர்ந்த மாறுதல்கள் அவ்வாற்றலை மேலும் வளர்த்தன. இருந்ததே இருமடங்காகி, புதிய இடத்தில் புதிய பயன் பெற்றது.

முல்லர் காட்டும் நெறி

சடுதிமாற்றம் பெரும்பாலும் தீமையே விளைக்கும் என்பது உண்மை. சடுதிமாற்றத்தால் மரபுச்செய்தி பெருக இயலும் என்பதும் உண்மை. இவ்விரண்டும் முரண்பட்டவை என மேலோட்டமாக நோக்குவோர் கருதலாம். முதலாவதைக் கூறி இரண்டாவதை மறுப்போரும், இரண்டாவதைக் கூறி முதலாவதை மறப்போரும் உளர். முல்லர் இரண்டையும் தம் ஆய்வால் அறிந்தவர். ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்காதவர். தீமை மிகுதி என்பதை அறிந்தமையால் பிறவாத குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்தார். பெருக்கம் இயலும் என்பதை அறிந்தமையால் உயிரின் வரலாற்றுக்கு விளக்கம் தந்தார்.

இயற்கையில் அளவு மிகுதலும் பொருள் மிகுதலும் ஒன்றல்ல. இரட்டிப்பான படிகளுள் பல, மாறுதல்களால் சிதைந்து பயனற்றுப் போகின்றன. அரிதாகச் சிலவே புதிய பணியை ஏற்கின்றன. அந்த அரிய சிலவும், கோடிக்கணக்கான ஆண்டுகளில் பல்லாயிரமாகத் திரண்டு, உயிரின் பன்மைக்கு வழிவகுத்தன. சிறுவயதில் குதிரையின் குளம்பைக் கண்டு வியந்த முல்லர், ஆய்வுக்கூடத்தில் ஈயின் கண்ணை நோக்கி இவ்வுண்மையை உணர்ந்தார். சிறியதெனக் கருதி எதனையும் ஒதுக்காமல், தமக்கு உவப்பான விடைக்காக உண்மையின் ஒரு பாதியை மறைக்காமல் ஆராய்ந்த அவருடைய நேர்மை, அறிவியல் பயிலும் ஒவ்வொருவரும் பின்பற்றத்தக்க நெறியாகும்.